ஒரு சொட்டும் படக்கூடாது

பால்மா வந்த தகர ரின்னின் மூடியைத் திறக்கும்போது நாகபூசணி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். முதலில் கண், பிறகுதான் மூக்கு. அன்றைக்கு வந்த ரின்னுக்குள் ஒரு கோஸ் துணி சுருண்டு கிடந்தது. முதல்நாள் மாலை அனலைதீவில் யாரோ ஒருவருடைய வயிற்றுக் காயத்திலிருந்து கழற்றியது. காலையில் கடல் தாண்டி ஊர்காவற்றுறைக்கு வந்து அவளுடைய மேசையில் ஏறியிருந்தது. துணியின் நடுவில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம், வட்டத்தின் ஓரத்தில் இலேசான பச்சை. குனிந்து மணந்து பார்த்தாள். விழுந்து கிடந்து அழுகத் தொடங்கிய பனம்பழத்தின் இனிப்பு. காயம் இரத்தம் மணக்கலாம், கஞ்சித்தண்ணி மணக்கலாம், அதிலெல்லாம் குற்றமில்லை. இனிப்பு மணந்தால் கூடாது.

இது அவளே உண்டாக்கிக்கொண்ட முறை. எண்பத்தாறாம் ஆண்டு, தென்மேற்குக் காற்றடிக்கும் சோளகக் காலம். ஆட்களை ஏற்றும் லோஞ்சிப் படகுகளை நேவி நிறுத்திவிட்டது. பாஸ் வைத்திருக்கும் மீன்பிடிகாரர் மட்டும் விடிந்த பிறகு கடலில் இறங்கி மத்தியானத்துக்குள் கரையேறவேண்டும். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலே சண்டையில் காயப்பட்டவர்களுக்கே கட்டில் போதவில்லை. வெட்டித் தைத்த தீவாரைத் தையல் காயுமுன்னமே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எப்படியோ ஊர்போய்ச் சேர்ந்தவர்களுக்குத் திரும்பி வர வழியில்லை. இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த டிஸ்பென்சறிக்கு டொக்டர் தியாகலிங்கம் புதன்கிழமைகளில் வருவார், வராமலும் விடுவார். மற்ற நாளெல்லாம் டிஸ்பென்சறி என்றால் தாதி நாகபூசணிதான், தீவார் வாயில் 'மிஸி'. நோயாளி வர ஏலாவிட்டால் நோயாளியின் துணி வரட்டும் என்று அவள் சொன்னபோது எல்லாரும் முகத்தைச் சுழித்தார்கள். இப்போது எழுவைதீவில் இருந்தும் அனலைதீவில் இருந்தும் ரின்கள் தவறாமல் வந்தன.

ரின்களைக் கொண்டுவருகிறவர் குருசுமுத்து. மீனை ஊர்காவற்றுறையில் போட்டுவிட்டு, டிஸ்பென்சறிக்கு வந்து, காயக்காரர் சாப்பிட்டது, கக்கியது, காய்ச்சல், மூத்திரத்தின் நிறம் எல்லாவற்றையும் ஒப்புவிப்பார். நாகபூசணியின் மறுமொழியை வாயாலேயே வாங்கிக்கொண்டு போவார். எழுத்து ஆகாது, பேப்பரைக் கண்டால் நேவிக்காரனுக்கு அதில் போராட்டமே எழுதியிருப்பதுபோலத் தோன்றும். ஆகவே அவள் சொல்வதைக் குருசுமுத்து அங்கேயே மூன்று தரம் திருப்பிச் சொல்லவேண்டும். அவர் கண்ணை மூடிச் செபமாலை சொல்கிற மாதிரிச் சொல்லுவார். அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: மிஸி மாற்றிச் சொல்லும்வரைக்கும் மிஸி முதல் சொன்னதுதான். எழுவைதீவில் ஒரு மாமியார், பிள்ளை எடுக்க வயிறு வெட்டித் தைத்துக் கிடந்த மருமகளுக்குப் பாவம் பார்த்துக் கூழ் கொடுத்து அந்தப் பெட்டையைக் கொன்றபிறகு, இந்தச் சட்டத்தைத் தீவுகளில் யாரும் மீறுவதில்லை. நாகபூசணியும் அந்தக் கதையை வேண்டியதற்கு அதிகமாகவே பரவவிட்டிருந்தாள்.

"ஆரின்ரை ரின் இது, குருசுமுத்தண்ணை? புதுசாய்க் கிடக்கு."

"புது ஆள் மிஸி. குடலிலை ஓட்டையெண்டு வெட்டித் தைச்சுக் கிடக்கு. நேற்று முன்தினம்தான் கொண்டந்து சேர்த்தவை. வல்லிபுரத்தார். வடக்கு வளவு, நல்லதண்ணிக் கிணத்தடி."

நாகபூசணி மூடியைப் போட்டு இறுக்கினாள். பிறகு ஏன் இறுக்கினோம் என்று தெரியாமல் மறுபடி திறந்தாள்.

வல்லிபுரம் அவளுடைய தாய் நல்லம்மாவுக்குச் சித்தப்பன் மகன். அவளுக்கு மாமன் முறை. அனலைதீவில் கிணறு யாரும் தோண்டலாம், ஆனால் நல்ல தண்ணீர் எல்லாருக்கும் வந்துவிடாது. நல்லம்மாவின் பூட்டனுக்கு வந்தது. அவருடைய வழிவந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கிணற்றில் பங்கு இருந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் கிணறும் எழுதியிருக்கும், கிணற்றுக்குப் போகிற வழியும் எழுதியிருக்கும். வழி மட்டும் வல்லிபுரத்தின் வளவுக்குள்ளால் போனது. நாகபூசணியின் தகப்பன் கண்ணை மூடிய கையோடு வல்லிபுரம் வந்து, புகையிலைக்குத் தண்ணி போதவில்லை, கிணற்றுப் பங்கைத் தனக்கு எழுதித் தரும்படி கேட்டார். குமர்ப்பிள்ளைக்குச் சீதனமாய்க் கொடுக்க வேறு என்ன கிடக்கு என்று நல்லம்மா மறுத்தாள். அடுத்தநாள் விடிய வழிக்குக் குறுக்கே பனைமட்டை வேலி நின்றது. ஊர் வழக்குத் தீர்க்கும் விதானையார் வந்தார். வேலியைப் பார்த்தார். வல்லிபுரம் வீட்டில் தேத்தண்ணி குடித்தார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு தாயும் மகளும் கடற்கரைப் பக்கத்துக் கிணற்றில் அள்ளினார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது. பால் விட்டால் தேத்தண்ணி திரையும். மழை பொய்த்த ஒரு வருடம் நல்லம்மா வயிற்றில் கட்டியோடு படுக்கையில் விழுந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. வடக்கு வளவுத் தண்ணீர் ஒரு வாய் என்பதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை. நாகபூசணி வாளியோடு வேலியடிக்குப் போனாள். அந்தப்பக்கம் துலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, வாய்க்கால் நிறையத் தண்ணீர் புகையிலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வல்லிபுரம் வேலிக்குக் கிட்ட வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் மறந்திருப்பாளோ என்னவோ. வெகு சாதாரணமாக, காலநிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"உப்புத் தண்ணியும் தண்ணிதான் பிள்ளை. குடிச்சுப் பழகுங்கோ."

கடைசியாகக் கரண்டியால் பருக்கிய உவர்த்தண்ணீரை நல்லம்மாவின் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. அந்த நாக்கை நாகபூசணி இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் தீவை விட்டு வெளிக்கிட்டு, தாதி வேலை படித்து, எத்தனையோ பேருடைய வாயில் தண்ணீர் விட்டிருக்கிறாள். கலியாணம் ஆகவில்லை. சீதனம் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தது.

"என்ன மிஸி, பழுதோ?" என்றார் குருசுமுத்து.

"பழுதுதான். ஆனால் சரிக்கட்டலாம். கொதிச்சாறின தண்ணியிலை உப்புப் போட்டுக் காலையும் பின்னேரமும் காயத்தைக் கழுவட்டும். துணியை அவிச்சு வெயில்லை காயவிட்டுக் கட்டட்டும். அவரின்ரை மனிசி ராசேஸ்வரிக்கு வடிவாய் விளங்கப்படுத்துங்கோ. எரியும். எரியட்டும்."

அது சரியான வைத்தியம். எந்த டொக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் 'எரியட்டும்' என்று சொன்னபோது அவளுடைய நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கால் நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

அடுத்தநாள் ரின்னில் பச்சை குறைந்திருந்தது. ஆனால் குருசுமுத்துவின் முகம் சரியில்லை. வல்லிபுரத்துக்கு வயிறு மத்தளமாய் ஊதிவிட்டது, குடித்ததெல்லாம் பச்சைச் சத்தியாய் வெளியே வருகிறது, ஆள் முனகிக்கொண்டு கிடக்கிறார் என்றார். நாகபூசணி ஒவ்வொன்றாகக் கேட்டாள். காத்துப் பிரிந்ததோ? இல்லை. வயிற்றில் காது வைத்துப் பார்த்தார்களோ, சத்தம் கேட்டதோ? ராசேஸ்வரி வைத்துப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. குடல் வேலைநிறுத்தம் செய்கிறது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் கையில் சேலைன் ஏற்றி வாயைக் கட்டிப்போடுவார்கள். இங்கே சேலைனுக்கு எங்கே போவது? வாயைக் கட்டத்தான் ஏலும். ஒரு நாள் தாங்குவார்.

"வாயிலை ஒரு சொட்டும் படக்கூடாது," என்றாள். "தண்ணி, கஞ்சி, இளநி, ஒண்டும். ஈரத்துணியாலை வாய்ச்சொண்டை மட்டும் ஒத்தலாம். நான் சொல்லுமட்டும் ஒரு சொட்டும் படக்கூடாது."

குருசுமுத்து கண்ணை மூடினார். "நான் சொல்லுமட்டும் ஒரு சொட்டும் படக்கூடாது," என்று மூன்று தரம் சொன்னார். அந்த வசனத்தை இன்னொரு மனிதனுடைய வாயால் கேட்க நாகபூசணிக்கு உடம்பு சிலிர்த்தது. சரியான கட்டளையும் அவள் ஆசைப்பட்டதும் ஒன்றாகவே வந்து அமைந்ததில் அவளுக்கு வந்த சந்தோசத்தை மறைக்கத் தெரியாமல், ரின்னை எடுத்துத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள். பானையில் இருந்து தண்ணீர் வார்த்துக் குடித்துவிட்டு, தாகம் இல்லாமலே இன்னொரு தரமும் குடித்தாள்.

மறுநாள் குருசுமுத்து சிரித்துக்கொண்டே படியேறினார். "காத்துப் போட்டுது மிஸி! ராசேஸ்வரியக்கா கோயில் மணி கேட்டமாதிரிக் கும்பிட்டவவாம். வயிறும் வத்திப்போச்சு. தண்ணி குடுக்கலாமோ எண்டு கேக்கச் சொன்னவ."

கொடுக்கலாம். கரண்டி கரண்டியாகத் தொடங்கிப் பின்னேரம் கஞ்சித்தண்ணி வரைக்கும் போகலாம் என்று அவளுக்குத் தெரியும். துணியும் வெளிறி வந்திருந்தது. நாகபூசணி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கேட்டவரோ?"

"கேட்டவரோவோ? அந்த மனிசன் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டறியாத மனிசன். இப்ப பொஞ்சாதியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு விடுகிறாரில்லை."

"என்னண்டு கேட்டவர்? சொல்லுங்கோ."

குருசுமுத்து அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "நோய்க்கு அதுவும் தெரியவேணுமோ மிஸி?"

"வேணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நாக்கு ஒட்டி வார்த்தை வரவில்லையாம். வாளி கிணற்றில் விழும் சத்தம் கேட்டால் அழுகிறாராம். ராசேஸ்வரி வாளியைக் கயிற்றோடு கழற்றி ஒளித்துவைத்து, பக்கத்துக் காணியில் உவர்த்தண்ணி அள்ளிச் சமைக்கிறாளாம். நாகபூசணி ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டாள். பசித்தவள் சோறு தின்கிறமாதிரிக் கேட்டாள்.

"இண்டைக்கும் இல்லை," என்றாள். "நாளைக்குப் பாப்பம்."

"காத்துப் போட்டுதே மிஸி..."

"நீங்களோ நானோ மிஸி? வாய் காஞ்சால் உப்புத் தண்ணியாலை கொப்பளிச்சுத் துப்பட்டும். உப்புத் தண்ணியும் தண்ணிதான், பழகுங்கோ எண்டு மிஸி சொன்னவ எண்டு அவரிட்டை நேரை சொல்லுங்கோ. இதே சொல்லாய்."

குருசுமுத்து அதையும் மூன்று தரம் சொன்னார். இம்முறை கண்ணை மூடவில்லை.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் என்றுதான் அவள் நினைத்தாள். இருபத்திரண்டு வருடம் மனதில் சுமந்ததற்கு அவருக்கு ஒரு நாள் பெரிசில்லை. ஆனால் அடுத்தநாள் விடிய இறங்குதுறைப் பக்கமாக வெடிச்சத்தம் கேட்டது. கடற்கோட்டையில் இருந்து நேவிப் படகுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. ஒரு வள்ளமும் இறங்கக்கூடாது, இறங்கினால் சுடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். டிஸ்பென்சறிப் படியில் ஒரு ரின்னும் இல்லை.

முதலில் அவளுக்கு இதுவும் நன்றாகத்தான் இருந்தது. தானாக நீட்டியதைக் கடல் இன்னும் கொஞ்சம் நீட்டித் தருகிறது. வெயில் ஏற ஏறத்தான் படித்த படிப்பு உள்ளே இருந்து பேசத் தொடங்கியது. சேலைன் இல்லாத உடம்பு. அறுபதைத் தாண்டிய உடம்பு. சோளக வெயில். மூத்திரம் நின்றிருக்கும். இனி மயங்கும். ராசேஸ்வரி தன் எண்ணத்துக்குக் கொடுத்துவிடுவாளா? கொடுக்கமாட்டாள். கூழ் கொடுத்த மாமியாரின் கதையைத் தீவு தீவாக அனுப்பிவைத்தவளே நாகபூசணிதானே. நான் சொல்லுமட்டும் என்ற சொல் கடலுக்கு அந்தப்பக்கம் நின்றது, அதை மாற்றவேண்டிய வாய் இந்தப்பக்கம் நின்றது. அவள் துறைக்குப் போய் மணல்மூட்டைகளுக்கு இப்பால் நின்று அனலைதீவின் பனைகளைப் பார்த்தாள். பயமாக இருந்தது. வல்லிபுரம் செத்துவிடுவார் என்ற பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. தான் பார்க்காமல், தன் முகத்தைப் பார்க்காமல் செத்துவிடுவார் என்ற பயம் முதலாவது. அதை நினைத்து அவள் வெட்கப்படவில்லை.

அதற்கு அடுத்தநாள் கடல் திறந்தது. குருசுமுத்து மீன் இல்லாமல், ரின்னோடு மட்டும் ஓடிவந்தார். அவள் மூடியைத் திறந்தாள். துணி வெள்ளையாக, சலவைக்குப் போய்வந்தது மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஒரு மணமும் இல்லை.

"காயம் ஆறி வாசி மிஸி. ஆள்தான் சரியில்லை. நேற்று மத்தியானம் ராசேஸ்வரியக்கா பொறுக்கேலாமல், மிஸி பேசினால் பேசட்டும் எண்டு தண்ணி குடுக்கப் போனவ. அவர் வாயைத் திறக்கேல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறார்."

"ஏன்?"

"நீங்கள் தந்துவிட்ட சொல்லை அப்பிடியே சொன்னனான் மிஸி. பிறகு, அது நல்லம்மாவின்ரை பெட்டையெல்லோ எண்டு கேட்டவர். ஓமெண்டன். அவள் சொன்னால்தான் குடிப்பன் எண்டிட்டார். பெத்த பிள்ளையள் காலிலை விழுந்தும் கேக்கேல்லையாம்."

நாகபூசணிக்குத் தலைக்குள் இரத்தம் ஏறியது. இதென்ன, மன்னிப்புக் கேட்கிறாரா? அல்லது கிடையில் கிடந்துகொண்டும் அவளை அடிக்கிறாரா? அவள் போட்ட தண்டனையை அவர் எடுத்துத் தன்னுடைய விரதமாக்கிவிட்டார். செத்தால் தானாகச் செத்தவராவார். பிழைத்தால் அவளுடைய பெரிய மனதால் பிழைத்தவராவார். இரண்டிலும் அவளுக்குப் பங்கில்லை. கிணற்றில் செய்ததையே இதிலும் செய்கிறார்.

"ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ மிஸி," என்றார் குருசுமுத்து. "நான் மீனுக்கும் போகேல்லை. இப்பவே கொண்டுபோறன்."

"சொல்லு வேண்டாம். நான் வாறன்."

"ஐயோ, ஆக்களை ஏத்தினால் சுடுவாங்கள்."

"சுட்டால் சுடட்டும். வெள்ளைச் சட்டையோடை எழும்பி நிண்டு வாறன். தூரத்திலேயே தெரியட்டும்."

அப்படியேதான் போனாள். வள்ளத்தின் நடுவில், பாய்மரம் இருக்கவேண்டிய இடத்தில் நட்டுவைத்தமாதிரி நின்றாள். நேவிப் படகு ஒன்று கிட்ட வந்து சுற்றியது. துவக்கோடு நின்றவன் அவளுடைய தொப்பியையும் கைப்பையையும் பார்த்தான். என்ன நினைத்தானோ, கையை அசைத்துப் போகவிட்டான். குருசுமுத்து மாதாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே எஞ்சினைப் பிடித்திருந்தார். அவள் ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை.

ராசேஸ்வரி வாசற் படலையிலேயே நின்றாள். கண் வீங்கி, தலைமயிர் அவிழ்ந்து, ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு. "வந்திட்டியோ பிள்ளை," என்று அழுதுகொண்டு செம்பை நீட்டினாள். "உன்ரை கையாலை ஒரு வாய் குடு மேனை."

"நான் அள்ளுறன் மாமி," என்று நாகபூசணி வெறும் செம்பாகத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டாள். வாசலால் உள்ளே போகாமல் ஒழுங்கையைச் சுற்றிப் பழைய வழிக்கு நடந்தாள். பனைமட்டை வேலி அங்கேதான் நின்றது. மட்டைகளை எத்தனையோ தரம் மாற்றியிருப்பார்கள். இடையிடையே தகரமும் வைத்துக் கட்டியிருந்தது. அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு மட்டையைப் பிடித்து இழுத்தாள். மட்டையின் கருக்கு உள்ளங்கையைக் கிழித்தது. மற்ற மட்டையையும் பிடித்தாள். பின்னால் வந்த குருசுமுத்து கத்தியை எடுத்துக் கட்டுகளை அறுத்தார். அந்தப்பக்கம் நின்று பார்த்த ராசேஸ்வரி, ஒளித்துவைத்த வாளியையும் கயிற்றையும் கொண்டுவந்து கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

நாகபூசணி அள்ளிச் செம்பை நிரப்பிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் வல்லிபுரம் பாதி ஆளாய்க் கிடந்தார். கண்கள் குழிக்குள் போயிருந்தன, சொண்டு வெடித்து இரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. நாகபூசணி செம்பைக் கதிரையில் வைத்துவிட்டு முதலில் நாடியைப் பார்த்தாள். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டாள்; கிள்ளிய தோல் எழும்பியபடியே நின்றது. கட்டை அவிழ்த்துக் காயத்தைப் பார்த்தாள். கண்ணால் காணாமல் மணத்தாலும் சொல்லாலும் அவள் ஆற்றிய காயம், நேராகவும் சிவப்பாகவும், யாரும் குறைசொல்ல ஏலாதபடி மூடிக்கொண்டு வந்திருந்தது. வயிற்றில் காது வைத்தாள். குடல் நன்றாகவே சத்தம் போட்டது. குடிக்கலாம். முந்தநாளே குடித்திருக்கலாம்.

தலையை நிமிர்த்தியபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளை அவருக்குத் தெரிந்தது.

"பிள்ளை..." என்றார். அதற்குமேல் நாக்கு எழும்பவில்லை. கையைக் கூப்பப் பார்த்தாரா, நீட்டப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கை பாயில் இருந்து கொஞ்சம் எழும்பி விழுந்தது. பிறகு கடித்துவைத்திருந்த பல்லை விட்டு, பெற்ற பிள்ளைகளுக்கும் திறக்காத வாயை அவளுக்குத் திறந்தார். அவள் செம்பை எடுத்தாள். ராசேஸ்வரி ஓடிவந்து புருசனின் தலையை நிமிர்த்திப் பிடித்தாள்.

நாகபூசணி செம்பை உயர்த்தினாள். அவருடைய முகத்துக்கு நேரே கொண்டுவந்து, அங்கே நிறுத்தாமல் இன்னும் உயர்த்தி, தலையை அண்ணாந்து தன்னுடைய வாய்க்குள் ஊற்றத் தொடங்கினாள். மடக்கு மடக்கென்று குடித்தாள். கொஞ்சம் வழிந்து மோவாயால் இறங்கிக் கழுத்தால் ஓடி வெள்ளைச் சட்டையை நனைத்தது. "பிள்ளை, பிள்ளை," என்று ராசேஸ்வரி சொல்வது கேட்டது. அவளுடைய கை பாதிவழி வந்து நின்றுவிட்டது. கதவடியில் குருசுமுத்து சுவரைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டார். செம்புக்குள் இன்னும் தண்ணீர் இருந்தது. நாகபூசணி கண்ணை மட்டும் கீழே இறக்கிக் கட்டிலைப் பார்த்தாள். வல்லிபுரத்தின் வாய் மூடவில்லை. அவள் விழுங்கும் ஒவ்வொரு மிடறுக்கும் அவருடைய காய்ந்த தொண்டை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.